ஜன்னத் வக்கீல் கேட்ட சம்பளம்

அருப்புக்கோட்டை கோர்ட்டில் ஜன்னத் எழுந்து நின்றால் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல்கள் செல்போனைப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். பந்தல்குடி ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனவனின் பெண்டாட்டிக்கு இருபத்தெட்டு லட்சம் கொடு என்பாள். குரல் நடுங்காது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு லட்சத்தைக் குறைத்துப் பேசினால், அந்த ஒரு லட்சத்தை விட்டுக்கொடுக்காமல் அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பாள். அடுத்தவருக்கு என்றால் லட்சங்கள் அவள் வாயில் அப்படி வரும். தனக்கென்று நாற்பதாயிரம் கேட்கத்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்தப் புதன்கிழமை ஒரு வேலைப் பேட்டிக்காக மதுரை பஸ்ஸில் அவள் அந்தத் தொகையைத்தான் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். நாற்பது. நாற்பதாயிரம். மாசம் நாற்பதாயிரம் எதிர்பார்க்கிறேன் மேடம். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள், தலையில் முக்காடு போட்ட பெண் ஏதோ ஓதிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்து, மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். காரியாபட்டி தாண்டும்போது தொகை வாயில் நன்றாகப் படிந்துவிட்டது. இனிமேல் வழுக்காது என்று அவளும் நம்பினாள்.

அவள் வளர்ந்த தொழில் அப்படிப்பட்டது. அதைச் சொன்னால்தான் இது விளங்கும். சட்டம் முடித்ததிலிருந்து அவள் இருந்தது சௌந்தரபாண்டியன் வக்கீலிடம். அருப்புக்கோட்டையில் பேர் பெற்றவர், நல்ல மனுஷர், வழக்குக் கட்டைத் திறக்காமலே பாதி வழக்கைச் சொல்லிவிடுவார். ஆனால் அவர் ஆபீஸில் சம்பளம் என்பது கெட்ட வார்த்தை. அவர் ஆபீஸில் மட்டும் இல்லை, இந்தப் பக்கத்துக் கோர்ட்டுகளில் முக்கால்வாசி ஆபீஸில் அப்படித்தான். ஜூனியர் என்பவர் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர், கற்றுக்கொள்ள வந்தவருக்கு என்ன சம்பளம் என்பது வழக்கம். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் சௌந்தரபாண்டியன் நாலாக மடித்த நோட்டுகளை அவள் மேசையில் கட்டுகளுக்கு அடியில் சொருகிவிட்டு, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, “பஸ்ஸு செலவுக்கு வச்சுக்கம்மா” என்பார்.

ஜன்னத்தின் வீடு கோர்ட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவள் பஸ் ஏறுவதே இல்லை. அதை அவரும் அறிவார். அவர் எண்ணிக் கொடுத்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார், அவள் அவர் முன்னால் எண்ணிப் பார்க்க மாட்டாள். கூட வேண்டும் என்று கேட்பது சீனியரின் முகத்தைப் பார்த்து நீ கஞ்சன் என்று சொல்வதற்குச் சமம். இப்படியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

இத்தனை வருஷம் கேட்காதவளுக்கு இப்போது மட்டும் என்ன வந்தது என்றால், சபீர் வரவேண்டும்.

சபீர் அவள் புருஷன். சவுதியில் தம்மாம் ஊரில் ஒரு ஏசி கம்பெனியின் ஸ்டோரில் வேலை. கல்யாணமான மூன்றாம் மாசம் விமானம் ஏறியவன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான். வந்த முதல் வாரம் இரண்டு பேருக்குமே கூச்சம். புது ஆளிடம் பேசுவதுபோல ‘சாப்பிடுறீங்களா’ என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அடுத்த இரண்டு வாரம் விருந்து, கல்யாண வீடு, பெரியவர்கள் அடங்கிய கபுருஸ்தான், பேங்க். அதற்குப் பிறகுதான் அவன் லுங்கியைத் தரையில் அவிழ்த்துப் போடுவதும், அவள் அதற்குக் கத்துவதும், அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக வீடு ஒரு வீடாக ஆகும். ஆன சூட்டோடு பெட்டியை எடுத்துத் தூசி தட்டவேண்டியிருக்கும். ஊருக்குக் கிளம்பப்போகிற மனுஷனோடு யார் சண்டை போடுவார்கள்? எல்லாச் சண்டையும் பாதியில் நின்றுவிடும்.

ஜன்னத்துக்கு அவனோடு சாவகாசமாக ஒரு சண்டை போடவேண்டும். சமாதானம் ஆவதற்கு நாள் கிடக்கிறது என்ற தைரியத்தில், இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் அவனாக வந்து பேசுகிற மாதிரி ஒரு முழுச் சண்டை. மற்றவர்கள் நகை கேட்பார்கள், வீடு கேட்பார்கள். அவள் ஆசை இந்த அளவில்தான் இருந்தது.

விபத்து வழக்குகளில் ஒரு தலைப்பு உண்டு. செத்தவனின் வருமானம், மருத்துவச் செலவு, அடக்கச் செலவு எல்லாம் கேட்ட பிறகு, கணவனின் துணையை இழந்ததற்கு என்று மனைவிக்குத் தனியாக ஒரு தொகை கேட்க வேண்டும். ஜன்னத் எத்தனையோ பெண்களுக்கு அதைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்த வரியை டைப் அடிக்கும்போது மனசு ஒரு இடத்தில் போய் இடிக்கும். உயிரோடு தம்மாமில் இருக்கிறவனின் துணையை இழந்ததற்கு எந்தச் சட்டத்திலும் தலைப்பு இல்லை. இப்படி நினைக்கிறோமே என்று பயந்து, உடனே அவன் ஆயுசுக்கு துஆ கேட்டுக்கொள்வாள்.

நாற்பது என்பது அவன் சொன்ன தொகை. போன லீவு முடிந்து விமான நிலையத்துக்குக் காரில் போகும்போது சொன்னான்.

“வீட்டு லோனு, புள்ள ஸ்கூலு, அம்மா மருந்து, எல்லாஞ் சேந்து மாசம் நாப்பது நிக்கணும். நீ நாப்பது கொண்டுவந்துட்டேன்னு வையி, அன்னிக்கே டிக்கெட்டப் போட்டுருவேன். எனக்கு இங்கன ஒரு எலக்ட்ரிக் கடை போதும்.”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். டிரைவரும் சிரித்தான். ஜன்னத் சிரிக்கவில்லை. தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்றவன், அப்புறம் மேல்மாடி போட்டுட்டு வாரேன் என்றவன், அதற்கப்புறம் லோனு முடியட்டும் என்றவன், முதல் தடவையாகத் தன் வாயால் ஒரு விலை சொல்லியிருக்கிறான். வக்கீலுக்கு அது போதும்.

திருச்சுழி, பரளச்சிப் பக்கமெல்லாம் சோலார் கம்பெனிக்காரர்கள் நிலம் தேடி அலைகிற காலம் இது. மழையை நம்பிக் கிடந்த கரிசல் காட்டுக்குத் திடீரென்று கிராக்கி. ஒரு சர்வே நம்பரில் ஏழு பங்காளி, அதில் இரண்டு பேர் செத்து, ஒருவர் மும்பையில் இருப்பார். அந்தப் பத்திரங்களையெல்லாம் பார்த்து, வாங்கலாமா கூடாதா என்று கம்பெனிக்குச் சொல்ல மதுரையில் ஒரு வக்கீல் ஃபர்ம் இருந்தது. அவர்களுக்கு இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் வேண்டும் என்று கோர்ட்டில் பேச்சு வந்ததும், ஜன்னத் அன்றைக்கே விண்ணப்பித்துவிட்டாள்.

ஃபர்ம் மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. பேட்டி எடுத்தவர் தங்கச்செல்வி. ஃபர்மை நடத்துகிற இரண்டு பேரில் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், வளவளவென்று பேசாதவர். ஒரு பத்திர நகலைக் கொடுத்து இதில் என்ன குறை என்று கேட்டார். ஜன்னத் சொன்னாள். இன்னொன்றைக் கொடுத்தார். அதையும் சொன்னாள். அவருக்குத் திருப்தி என்பது முகத்தில் தெரிந்தது.

“சரி. என்ன எதிர்பார்க்கிறீங்க?”

காரியாபட்டி வரைக்கும் ஓதிக்கொண்டு வந்த தொகை எங்கே போனதோ தெரியவில்லை. ஒன்பது வருஷத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து அவள் வாயில் உட்கார்ந்துகொண்டன.

“நீங்க பாத்துச் செய்யுங்க மேடம்.”

தங்கச்செல்வி தலையை ஆட்டிக்கொண்டு, “உங்க சீனியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். நாளைக்கு மெயில் வரும்” என்றார். அதுவும் இந்தத் தொழிலின் வழக்கம். ஒருவர் ஆபீஸிலிருந்து ஆளை எடுப்பதென்றால், பழைய சீனியரிடம் கேட்காமல் எடுப்பது மரியாதை இல்லை. கேட்டால் அவர் என்ன சொல்லித் தொலைப்பார் என்பது யார் கையிலும் இல்லை.

மறுநாள் காலையிலேயே மெயில் வந்தது. வேலை உண்டு. மாதம் இருபத்தைந்தாயிரம்.

கோர்ட் கூடுவதற்கு முன்னால் அவள் சௌந்தரபாண்டியன் ஆபீஸுக்குப் போனபோது அவர் அவளுக்காகவே காத்திருந்தவர்போல இருந்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

“வந்துருச்சா? நேத்தே அந்தம்மா போன் பண்ணிட்டாக. ஒன்னயப் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசினேன்மா. எங்க புள்ள காசுக்காக வேல பாக்குற ஆளு இல்ல, வீட்டுக்காரரு சவுதியில நல்ல வேலையில இருக்காரு, வசதியான குடும்பம், இத்தன வருசத்துல ஒரு தடவ சம்பளத்தப் பத்தி வாயத் தொறந்ததில்லன்னு சொன்னேன். அந்தம்மாவுக்கு ரொம்பச் சந்தோசம்.”

சந்தோஷம் இருக்காதா பின்னே. பேரம் பேச வந்த இடத்தில், இந்த ஆள் எவ்வளவு குறைத்தாலும் ஒத்துக்கொள்வாள் என்று வாங்குகிறவரிடம் போய் நம் பக்கத்து ஆளே சொன்ன கதையாகிவிட்டது. அவருடைய அகராதியில் ஒரு ஜூனியருக்குக் கொடுக்கக்கூடிய ஆகப் பெரிய நற்சான்று அதுதான். அவரைக் கோபிக்கவும் முடியவில்லை, கோபிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

“இருவத்தஞ்சு போட்டிருக்காக சார்.”

“நல்ல தொகதானம்மா.”

“எனக்கு நாப்பது வேணும் சார். நாப்பது வந்தாத்தான் எங்க வீட்டுக்காரரு ஊருக்கு வருவாக. அவுக சவுதியில இருக்காகன்னு சொல்லித்தான் பதினஞ்ச கொறச்சுட்டாக.”

சௌந்தரபாண்டியன் வாயில் போடப்போன வெற்றிலையை மறுபடியும் மேசைமேல் வைத்தார்.

“ஒரு நா எங்கிட்டக் கேட்டிருந்தேன்னா நான் குடுத்திருக்க மாட்டேனா?”

“குடுத்திருப்பீங்க சார். கேக்குறது நல்லா இருக்காதுன்னு நாந்தான் நெனச்சுக்கிட்டேன்.”

“நான் திரும்பப் போன் பண்ணிச் சொல்றேன் இரு.”

“வேணாம் சார். நானே போறேன்.”

நீங்கள் பேசியது போதும் என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். அவர் கைதான் அவளை முதன்முதலில் கோர்ட்டுப் படி ஏற்றியது. அவள் வாசலைத் தாண்டும்போது அவர் பின்னாலிருந்து, “அந்த மாப்பிள்ள எப்ப வாராருன்னு சொல்லு, நான் வந்து பாக்குறேன்” என்றார். அவருக்குத் தெரிந்த வகையில் அது மன்னிப்புக் கேட்பது.

அன்று மத்தியானமே மதுரைக்குப் போனாள். இந்தத் தடவை பஸ்ஸில் எதையும் ஓதவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, மகள் போன வாரம் கேட்டதை நினைத்துக்கொண்டு போனாள். வகுப்பில் குடும்பத்தைப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். அத்தா சபீரை வீட்டுக்குள் வரைவதா, வெளியே வரைவதா என்று பிள்ளை கேட்டது. உள்ளேயே வரை என்று ஜன்னத் சொன்னாள். பிள்ளை வீட்டுக்குள் ஒரு செல்போன் வரைந்து அதற்குள் மீசை வைத்தது. ஜன்னத் அடுப்படிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

தங்கச்செல்வி அவளை எதிர்பார்க்கவில்லை. உட்காரச் சொன்னார்.

“மெயில் பாத்தேன் மேடம். எனக்கு நாப்பதாயிரம் வேணும்.”

வந்துவிட்டது. ‘நீங்க பாத்து’ என்று பின்னாலேயே இன்னொன்றும் வரப் பார்த்தது. உதட்டைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினாள்.

“நேத்து நீங்க எதுவும் கேக்கலையேம்மா. உங்க சீனியரும் பணம் பெரிசில்லைன்னு சொன்னார்.”

“அவரு எம்மேல வச்ச மரியாதையில சொன்னது மேடம். நான் நேத்தே சொல்லியிருக்கணும். சொல்லத் தெரியல.”

“நாற்பது எதுக்கு?”

இப்படி நேராகக் கேட்டால் ஜன்னத்துக்குப் பொய் வராது.

“அவுகள ஊருக்கு வரச் சொல்லணும் மேடம்.”

தங்கச்செல்வி முகத்தில் ஒரு கனிவு வந்து போனது. வந்ததும் உண்மை, போனதும் உண்மை.

“எனக்குப் புரியுது. ஆனா உங்க வீட்டுத் தேவைக்கு ஃபர்ம் சம்பளம் போட முடியாதும்மா.”

ஜன்னத் ஒரு கணம் தரையைப் பார்த்தாள். அவர் சொன்னது நியாயம். பிறகு கோர்ட்டில் நிமிர்வதுபோல நிமிர்ந்தாள். அதே நியாயத்தில் அவளுக்கும் பாதி இருந்தது.

“சரிங்க மேடம். என் வீட்டுக் கதைய விட்டுருவோம். அப்ப எங்க வீட்டுக்காரரு சம்பாதிக்கிறதயும் விட்டுருங்க. இதே வேலைக்கு வெளிய ஆம்பள வக்கீலுங்க உக்காந்திருக்காங்களே, அவங்களுக்கு என்ன குடுக்கிறீங்களோ அதக் குடுங்க. அவங்க சம்சாரம் என்ன சம்பாதிக்குதுன்னு கேட்டு நீங்க சம்பளம் போட்டிருக்க மாட்டீங்க.”

தங்கச்செல்வி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“கேட்டதில்லை,” என்றார்.

பக்கத்து அறைக்குப் போய்க் கூட்டாளியிடம் பேசிவிட்டு வந்தார். முப்பத்தாறு, ஆறு மாசம் கழித்து நாற்பது, எல்லோருக்கும் அப்படித்தான், இரண்டையும் மெயிலில் எழுதியே அனுப்புகிறேன் என்றார். நாளைக்குள் பதில் சொன்னால் போதும். எழுந்து கை கொடுத்தபோது, “நேத்தே இப்படிப் பேசியிருந்தா உங்களுக்கு ஒரு பஸ் செலவு மிச்சம்” என்றார். ஜன்னத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அருப்புக்கோட்டை பஸ் நிற்கிற இடத்தில் ஓரமாக நின்று சபீருக்குப் போன் போட்டாள். அங்கே சாப்பாட்டு நேரம். எடுத்துவிட்டான். பின்னால் யார் யாரோ இந்தியில் பேசுகிற சத்தம்.

“என்ன ஜன்னத்து, இந்நேரம்?”

“மச்சான், வேல கெடச்சிருச்சு. முப்பத்தாறு. ஆறு மாசம் போனா நாப்பது.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முப்பத்தாறு நாற்பது இல்லை. அந்த நாலாயிரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வருஷம் என்று அவன் சொல்லிவிடலாம். இத்தனை வருஷமும் அவன் சொல்லிவந்த காரணங்களோடு பார்த்தால் இது நல்ல வலுவான காரணம்.

“ஆபீஸு எங்க? மதுரையிலயா?”

“மாட்டுத்தாவணிகிட்ட.”

“காலையில எத்தன மணிக்குக் கெளம்பணும்?”

“ஏழரைக்கு பஸ்ஸப் பிடிக்கணும் மச்சான்.”

“திரும்பி வர?”

“எட்டரை ஆயிரும். பஸ்ஸு கெடைக்கலன்னா ஒம்பது.”

“அப்ப நான் வந்தாலும் பகல்ல நீ வீட்ல இருக்க மாட்ட.”

இதை அவள் யோசிக்கவே இல்லை. அவன் வந்துவிட்டால் என்று இத்தனை நாள் மனசுக்குள் ஓடவிட்ட படத்தில் அவள் பழையபடி கோர்ட்டிலிருந்து நடந்து வர, இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவனை வரவழைக்கத் தேடிய வேலை, அந்த மத்தியானத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறது. சம்பளத்தில் அவ்வளவு கெட்டியாக நின்றவள், மெயிலில் போட்டிருந்த வேலை நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“வேணாம்னு சொல்லிறவா மச்சான்?” என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அழுகிற பெண்ணைப் பார்த்து அருப்புக்கோட்டை கண்டக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஊர்ப் பேரைக் கூவினார்.

சபீர் எங்கோ எழுந்து நடந்து போகிறான் என்று தெரிந்தது. இந்திப் பேச்சு தூரமாகி, அவன் குரல் மட்டும் இருந்தது.

“கிறுக்கச்சி, என்னத்துக்கு வேணாங்கிற? ரூம்ல நாங்க அஞ்சு பேரு இருக்கோம். யாரு எப்ப வாரான், எப்ப போறான்னு ஒருத்தனுக்கு ஒருத்தன் பாக்கிறதில்ல. பதினோரு வருசமா எனக்குன்னு ஒரு ஆளு வெளிய போயிட்டுத் திரும்பி வந்ததில்ல தெரியுமா? ஒம்பதானாலும் நீ வருவேல்ல?”

“வருவேன்.”

“கொறையுற நாலாயிரத்த நான் பாத்துக்கிறேன். இங்க தங்குறதுக்கான இக்காமா முடியிறதுக்குள்ள வேலைய விடுறேன்னு பேப்பரப் போட்டுட்டு வாரேன். நான் வந்தப்பறம் நீ ஒண்ணு செய்யி. பஸ்ஸவிட்டு எறங்கி, வந்துட்டேன்னு எனக்குப் போன் பண்ணாத. நேரா வந்து கதவத் தட்டு.”